சோற்றுக்கும் காற்றுக்கும் நடுவே

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் சென்னீர்குப்பத்தில் இறங்கி உள்ளே நடந்தால் என் ஆசிரியரின் வீடு வரும். அரசுப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன். ப்ளஸ் டூவோடு என் படிப்பு நின்றுவிட்டது. அவரிடம் கேள்வி கேட்பது நிற்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போய் உட்கார்ந்துவிடுவேன். சென்ற முறை நைட் ஷிப்ட் முடித்து நேராக அங்கே போனேன். அன்று பேசியதை அன்றைக்கே எழுதி வைத்தேன். அவர் படித்துப் பார்த்து எண்களைச் சரிசெய்து கொடுத்தார்.

சீடன்: ஐயா, உடம்பில் சக்தியே இல்லை. ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வேலை.

குரு: உட்கார். இல்லை என்கிறாயே, இருந்தால் எங்கே இருக்கும்?

சீடன்: வயிற்றில்தான் ஐயா. நாலு இட்லி உள்ளே போனால் சரியாகிவிடும்.

குரு: வயிற்றில் என்று சொல்லாதே. வயிறாரச் சாப்பிட்டும் சக்தி கிடைக்காமல் செத்துப்போனவர்கள் உண்டு. யெல்லாப்ரகட சுப்பாராவ் என்று ஒருவர். 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய உடன்பிறந்தவர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயில் இறந்தார்கள். ஸ்ப்ரூ வந்தால் குடல் எதையும் சரியாக உறிஞ்சாது. தின்றது பயன்படாமல் வெளியே போய்விடும். தட்டில் சோறு இருக்கும், வயிற்றிலும் இருக்கும், ஆள் மட்டும் தேய்ந்துகொண்டே போவான். அதைக் கண்ணால் பார்த்த பையன்தான் பின்னால் நீ இப்போது கேட்கும் கேள்விக்குப் பாதி பதிலைக் கண்டுபிடித்தான்.

சீடன்: அப்படியென்றால் சோறு ரத்தத்தில் சேர்ந்த பிறகுதான் சக்தி.

குரு: ரத்தத்தில் ஓடும் சர்க்கரை மொத்தமும் ஒரு தேக்கரண்டிதான் தேறும். அதை வைத்துக்கொண்டு நீ எட்டு மணி நேரம் நிற்க முடியாது. உடம்பு முன்யோசனை உள்ளது. ஈரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம் போலக் கிளைகோஜன் என்று ஒரு மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. அதற்கும் மேலே கொழுப்பு. ஒல்லியான உனக்கே பல கிலோ இருக்கும்.

சீடன்: கிளைகோஜன் அரைக் கிலோ, கொழுப்பு மட்டும் பல கிலோவா? ஏன் ஐயா இந்தப் பாரபட்சம்?

குரு: எடைதான் காரணம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி தரும். மாவுப்பொருள் 4தான். அதிலும் கிளைகோஜன் தன் எடையைப் போல மூன்று பங்கு தண்ணீரையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்புக்குத் தண்ணீர் வேண்டாம். உன் கொழுப்பையெல்லாம் கிளைகோஜனாக மாற்றினால் நீ படியேற மாட்டாய். அவசரத்துக்கு எடுக்கப் பக்கத்தில் கொஞ்சம், நாள்பட வைத்திருக்க அடக்கமாக நிறைய. வீட்டில் அரிசி டப்பாவில் கொஞ்சமும் மூட்டையில் மிச்சமும் வைப்பதில்லையா, அது போலத்தான்.

சீடன்: சரி, மூட்டைதான் சக்தி.

குரு: மூட்டையை அப்படியே தின்பாயா? உன் தசைக்கும் கொழுப்பைத் தின்னத் தெரியாது, சர்க்கரையையும் தின்னத் தெரியாது. உலையில் ஏறி, வெந்து, பரிமாறினால்தான் அது சாப்பிடும். பரிமாறப்படும் அந்த ஒரு பண்டம் எது என்பதுதான் 1920களில் பெரிய கேள்வி. தசையில் வெப்பம் எப்படிப் பிறக்கிறது, லாக்டிக் அமிலம் எப்படி வந்து போகிறது என்று ஆராய்ந்த ஏ.வி. ஹில், ஓட்டோ மெயர்ஹோஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசே கிடைத்தது. லாக்டிக் அமிலம் உண்டாவதால்தான் தசை சுருங்குகிறது என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் சுப்பாராவ் ஹார்வர்டுக்குப் போகிறார்.

சீடன்: சென்னையில் டாக்டராக இருக்காமல் அவ்வளவு தூரம் ஏன் போனார்?

குரு: அந்நியப் பொருள்களை ஒதுக்கக் காந்தி அழைப்பு விட்ட காலம். இவர் அறுவை அறைக்குள் கதர் உடுத்திப் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. தேர்வுகளை நன்றாகவே எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கையில் கொடுக்கப்பட்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். பிறகு மாமனார் உதவியோடும் காக்கிநாடாவில் ஓர் அறக்கட்டளை கொடுத்த பணத்தோடும் 1923 அக்டோபரில் பாஸ்டனில் போய் இறங்கினார். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தார். நோயாளிகளின் மலக்கலம் கழுவுகிற வேலை. தம்பி, உன்னைப் போல நைட் ஷிப்ட் பார்த்தவர்தான் அவரும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

சீடன்: கண்டுபிடிப்பு என்ன ஐயா?

குரு: முதலில் ஓர் அளவுகோல். சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலோ தசையிலோ பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க ஒரு முறையை 1925இல் வெளியிட்டார். மாலிப்டேட் சேர்த்தால் கரைசல் நீலமாகும். நீலத்தின் அடர்த்தியைப் பார்த்துப் பாஸ்பரஸைச் சொல்லலாம். அவ்வளவு எளிய முறை. இன்றைக்கும் ஆய்வகங்களில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர் சொல்லிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தசைச்சாற்றில் செய்தபோது மட்டும் நீலம் சட்டென்று வரவில்லை. மெல்ல மெல்ல ஏறியது.

சீடன்: மெஷினில் அப்படி ரீடிங் வந்தால் கருவியில் கோளாறு என்று போட்டுவிடுவோம்.

குரு: எல்லோரும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். இவர்கள் அந்தத் தாமதத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைக் கட்டி வைத்திருந்து, அமிலத்தில் மெல்ல அவிழ்த்து விடுகிறது. அதனால்தான் நீலம் நேரம் எடுக்கிறது. அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியாட்டின். 1927இல் அறிவித்தார்கள். தசை உழைத்தால் அது குறைகிறது, ஓய்ந்தால் மறுபடி ஊறுகிறது. 1929இல் இன்னொன்றும் கிடைத்தது. அடினோசின் ட்ரைபாஸ்பேட். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதையே கண்டார். அவர் கட்டுரை சில வாரம் முந்திக்கொண்டது. அடுத்த ஆண்டே லுண்ட்ஸ்கார்ட் என்ற டேனிஷ்காரர், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி மருந்து கொடுத்த தசையும் சுருங்குகிறது என்று காட்டினார். பழைய கொள்கை படுத்துவிட்டது.

சீடன்: ஏ.டி.பி. என்று படித்தோமே, அதுதானே?

குரு: அந்தச் சுருக்கத்தால்தான் நம் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தமிழில் எழுதினால் மூன்று பாஸ்பேட் உள்ளதும் ஏ.டி.பி., இரண்டு பாஸ்பேட் உள்ள டைபாஸ்பேட்டும் ஏ.டி.பி. இரண்டு டி-க்கும் நம்மிடம் ஒரே எழுத்து. விஷயமே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பெயரோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் நான் வகுப்பில் முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்றுதான் சொல்வேன். முப்பாஸ்பேட் ஒன்றைக் கழற்றிக் கொடுத்து இருபாஸ்பேட் ஆகிறது. அந்தக் கழற்றலில் உன் தசை இழுக்கிறது, நரம்பு தூது சொல்கிறது, ஈரல் கட்டுகிறது, சிறுநீரகம் வடிக்கிறது. உன் உடம்பில் மட்டுமில்லை. இந்த வேப்பமரத்திலும், கூவத்தில் நெளியும் புழுவிலும், இட்லி மாவைப் புளிக்கவைக்கும் கிருமியிலும் பரிமாறப்படுவது இதே பண்டம்தான்.

சீடன்: அப்படியானால் பதில் கிடைத்துவிட்டது. சக்தி முப்பாஸ்பேட்டில் இருக்கிறது.

குரு: உன் உடம்பு முழுவதிலும் இந்த நிமிடம் முப்பாஸ்பேட் எவ்வளவு இருக்கும், சொல்.

சீடன்: ஒரு பத்து கிலோ?

குரு: கால் கிலோகூடத் தேறாது. ஆனால் ஒரு நாளில் நீ செலவழிப்பது உன் எடை அளவுக்கு.

சீடன்: கால் கிலோவை வைத்துக்கொண்டு அறுபது கிலோ எப்படி ஐயா செலவழிப்பது?

குரு: நீயே யோசி.

சீடன்: …கழன்றதையே திரும்ப மாட்டுகிறது.

குரு: ஆமாம். ஒவ்வொரு மூலக்கூறும் நாளில் நூற்றுக்கணக்கான முறை கழன்று கழன்று மாட்டப்படுகிறது. இதைச் சேமிப்பு என்று சொல்லலாமா? கோயம்பேட்டில் காய்கறி விற்கிறவர் கையில் இருக்கும் சில்லறையை நினைத்துப் பார். காலையில் ஐந்நூறு ரூபாய் சில்லறை வைத்திருப்பார். மாலைக்குள் அதே நோட்டும் நாணயமும் அவர் கைவழியே பல ஆயிரம் ரூபாய்க்குப் போய் வந்திருக்கும். அவருடைய சொத்து அந்த ஐந்நூறு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வாயா? நீ நூறு மீட்டர் வேகமாக ஓடினால் கையிருப்பு முப்பாஸ்பேட் இரண்டு மூன்று நொடியில் தீர்ந்துவிடும். அப்போது சுப்பாராவின் பாஸ்போகிரியாட்டின் கைமாற்றுக் கொடுக்கும். அதுவும் பத்து நொடிக்குத்தான். அதற்குள் கிளைகோஜன் உடைந்து வந்து சேர வேண்டும்.

(இந்த இடத்தில் ஆசிரியர் வீட்டு அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். நான் எடுக்க மறந்தேன்.)

சீடன்: ஐயா, பாடப்புத்தகத்தில் படித்த ஒரு வாக்கியம் நினைவிருக்கிறது. மூன்றாவது பாஸ்பேட்டின் பிணைப்பில் ஆற்றல் அடங்கியிருக்கிறது, பிணைப்பு உடையும்போது வெளிப்படுகிறது.

குரு: அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பல ஆண்டு அப்படியே சொன்னேன். ஃபிரிட்ஸ் லிப்மன் 1941இல் எழுதிய கட்டுரையில் வந்த ஆற்றல் செறிந்த பிணைப்பு என்ற சொற்றொடர் உலகமெல்லாம் பரவியது. அவர் சொன்ன பொருள் வேறு; கேட்டவர்கள் பிணைப்பை வெடிமருந்துப் பொட்டலம் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும்தான். எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் கொடுக்க வேண்டும், தம்பி. உடைவதால் எதுவும் வருவதில்லை. நீ ஒட்டிய பசையைப் பிய்க்கும்போது பசை உனக்குக் கூலி கொடுக்கிறதா?

சீடன்: பிறகு எங்கிருந்து வருகிறது?

குரு: பிய்த்த பிறகு கிடைக்கும் இடத்திலிருந்து. மூன்று பாஸ்பேட்டும் எதிர்மின் சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன. தண்ணீர் நடுவில் புகுந்து ஒன்றைப் பிரித்துவிட்டால், பிரிந்த இரண்டும் தண்ணீரோடு இன்னும் உறுதியாகச் சேர்ந்து அமைதியாகின்றன. பிய்க்கக் கொடுத்ததைவிட, புதிதாகச் சேர்ந்ததில் கிடைத்தது அதிகம். ஆனால் அதுவும் பாதிக் கதைதான். உன் டீ என்ன ஆயிற்று?

சீடன்: ஆறிப்போயிற்று ஐயா.

குரு: அதிலிருந்த சூடு எங்கே போனது? அழிந்ததா?

சீடன்: இல்லை, அறைக்காற்றில் கலந்திருக்கும்.

குரு: அறையில்தான் இருக்கிறது. ஒரு துளி குறையவில்லை. முடிந்தால் அதைப் பிடித்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டு.

சீடன்: முடியாது. டீயும் காற்றும் ஒரே சூடு ஆகிவிட்டது.

குரு: டீ சூடாக, காற்று குளிராக இருந்தபோது?

சீடன்: அப்போது சுற்றலாம். நீராவி எஞ்சின் அப்படித்தானே ஓடுகிறது.

குரு: அப்படியானால் வேலை செய்ய வைத்தது டீயா, காற்றா?

சீடன்: …இரண்டும் இல்லை. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம்.

குரு: இந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். முப்பாஸ்பேட்டையும் தண்ணீரையும் ஒரு குப்பியில் போட்டு, நெடுங்காலம் விட்டுவிட்டால், ஏறக்குறைய எல்லாமே உடைந்து ஒரு சமநிலையில் போய் நிற்கும். அங்கேயும் கொஞ்சம் முப்பாஸ்பேட் மிஞ்சியிருக்கும். வேதியியலில் உன் தசையில் இருப்பதற்கும் அதற்கும் ஒரு வேறுபாடும் கிடையாது. அதே அணுக்கள், அதே பிணைப்பு. ஆனால் அதனால் ஒரு கொசுவின் இறக்கையைக்கூட அசைக்க முடியாது. உயிருள்ள செல் என்ன செய்கிறது? அந்தச் சமநிலையில் இருக்க வேண்டியதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகமாக முப்பாஸ்பேட்டை, இருபாஸ்பேட்டோடு ஒப்பிடும்போது, குவித்து வைத்திருக்கிறது. அந்தத் தூரம்தான் கூலி. பண்டத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று தேடினால் அகப்படாது.

சீடன்: அப்படியென்றால் கொழுப்புக்கும் இதே கதையா? மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறோமே.

குரு: காற்றில்லாத ஊரில் விறகு எரியுமா?

சீடன்: எரியாது.

குரு: அங்கே அந்த விறகை எரிபொருள் என்பாயா? சோற்றிலும் சக்தி இல்லை, ஆக்சிஜனிலும் இல்லை. சோற்றுக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கிறது. சோற்றைச் சாப்பாடாக்குவது நீ இழுக்கும் மூச்சு. அதனால்தான் சோறில்லாமல் வாரக்கணக்கில் தாங்குகிறவன், மூச்சில்லாமல் சில நிமிடம் தாங்குவதில்லை.

சீடன்: நம் பெரியவர்கள் உயிர் என்றால் மூச்சு என்று சொன்னது சரிதானே ஐயா?

குரு: மூச்சு நின்றால் உயிர் போகும் என்று கண்டார்கள், கண்டது சரி. ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்லாதே. அதைத் தெரிந்துகொள்ள நீலக் கரைசலைப் பார்த்துக்கொண்டு பல இரவுகள் கண்விழிக்க வேண்டியிருந்தது. உழைத்துக் கண்டவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையை மற்றவர்களுக்குக் கொடுப்பது அநியாயம்.

சீடன்: புரிகிறது. ஆனால் அந்தத் தூரத்தை யார் காப்பாற்றுகிறார்கள்? விட்டால் டீ ஆறுவது போல ஆறிவிடுமே.

குரு: இங்கேதான் உன் தொழில் வருகிறது. அதற்கு முன் சொல், செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போயிருக்கிறாயா?

சீடன்: பக்கத்தில்தானே ஐயா, போயிருக்கிறேன். நிரம்பினால் 24 அடி.

குரு: 3645 மில்லியன் கன அடித் தண்ணீர். அவ்வளவு தண்ணீரும் சும்மா நிற்கும் வரை ஒரு பல்பு எரியாது. மேட்டூரில் தண்ணீர் உயரத்திலிருந்து இறங்கும் வழியில் டர்பைனை வைத்திருக்கிறார்கள், மின்சாரம் வருகிறது. உன் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று நூற்றுக்கணக்கான சிறு பைகள் இருக்கின்றன. சோற்றிலிருந்து கழற்றிய எலெக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. ஒவ்வொரு கை மாறும்போதும் கிடைப்பதை வைத்து, உள்ளே இருக்கும் புரோட்டான்களை ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைக்கின்றன. ஏற்றம் இறைத்து அணையை நிரப்புவது மாதிரி. அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மீட்டரில் இருபது கோடியில் ஒரு பங்கு. அதன் இருபுறமும் 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். ஒரு மீட்டருக்கு என்று கணக்குப் போட்டால் 3 கோடி வோல்ட். காற்றில் மின்னல் வெட்டத் தேவையானதைப் போலப் பத்து மடங்கு.

சீடன்: எனக்குள்ளேயா!

குரு: உனக்குள்ளேதான், இந்த நொடியில். இறைத்த புரோட்டான்கள் திரும்பி வர முக்கிய வாசல் ஒன்று. அந்த வாசலில் ஒரு ரோட்டார்.

சீடன்: ரோட்டார் என்றால் உவமைதானே ஐயா?

குரு: உவமை இல்லை. ஷாஃப்ட் இருக்கிறது, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் இருக்கிறது. பால் பாயர் அது சுழலும் என்று நுண்ணறிவால் ஊகித்தார். ஜான் வாக்கர் அதன் வடிவத்தைப் படம்பிடித்தார். இருவருக்கும் 1997இல் நோபல் கிடைத்தது. அதே ஆண்டு ஜப்பானில் அந்த ஷாஃப்ட்டின் நுனியில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று முப்பாஸ்பேட். 120 டிகிரிக்கு ஒன்று.

சீடன்: லேத்தில் இருக்கும் மூன்று தாடை சக் மாதிரி. ஒரு தாடைக்கு 120 டிகிரி.

குரு: அழகாகச் சொன்னாய். ஒரு தாடை இருபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் உள்ளே வாங்கும். அடுத்தது இறுக்கி ஒன்றாக்கும். மூன்றாவது திறந்து வெளியே விடும். ஷாஃப்ட் திரும்பத் திரும்ப மூன்றும் முறை மாறும். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இறுக்கிச் சேர்ப்பதற்கு அந்தச் சக்கரத்துக்கு அவ்வளவு செலவில்லை. செய்து முடித்ததைப் பிடியிலிருந்து விடுவிக்கத்தான் செலவு.

சீடன்: விடுவதற்கா?

குரு: இதை மறக்காதே, திரும்ப வருவேன். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் தீர்க்க வேண்டும். அணை, வித்தியாசம் என்றெல்லாம் சொன்னதற்குப் பெரிய ஆய்வாளர்களே 1961இல் சிரித்தார்கள். பீட்டர் மிட்செல்தான் முதலில் சொன்னார். நம்பாதவர்களுக்கு 1966இல் ஜாகெண்டார்ஃப் என்பவர் ஒன்று செய்து காட்டினார். கீரைப் பசுங்கணிகங்களை எடுத்து இருட்டில் வைத்தார். வெளிச்சமே கிடையாது. முதலில் புளிப்பான கரைசலில் ஊறவைத்தார், பிறகு காரக் கரைசலுக்குச் சட்டென்று மாற்றினார். உள்ளே புளிப்பு, வெளியே காரம். ஆற்றலுக்கு வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. முப்பாஸ்பேட் உண்டாயிற்று.

சீடன்: சோறும் இல்லை, சூரியனும் இல்லை, வித்தியாசம் மட்டும்.

குரு: அதுவே போதுமானதாக இருந்தது. 1978இல் மிட்செலுக்கு நோபல் வந்தது. வயலில் நெற்பயிரின் இலையில் சூரியன் இறைக்கிறது. உன் செல்லில் அந்த நெல் இறைக்கிறது. சக்கரம் ஏறக்குறைய ஒன்றேதான். இங்கே வயல் இருந்த இடங்களில் வீடுகள் வந்துவிட்டன, நெல் வேறெங்கிருந்தோ வருகிறது. ஆனாலும் நீ தின்னும் ஒவ்வொரு பருக்கையும் ஏதோ ஓர் இலை தன் அணையை நிரப்பியதன் மிச்சம்.

சீடன்: இறைப்பது நின்றால்?

குரு: சயனைடு அதைத்தான் செய்கிறது. எலெக்ட்ரான் ஆக்சிஜனிடம் போய்ச் சேரும் கடைசிப் படியை அடைத்துவிடும். அந்த மனிதனின் ரத்தத்தில் சர்க்கரை இருக்கும், ஆக்சிஜன் இருக்கும், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு இருக்கும். எல்லாம் இருக்க, நிமிடங்களில் உயிர் போகும். நீ முதலில் காட்டிய இடங்கள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. நடுவில் கை மாறுவது மட்டும் நின்றுவிட்டது.

சீடன்: ஐயா, கேட்கவே பயமாக இருக்கிறது. சாவு என்றால் சமநிலைதானா?

குரு: செல்லைப் பொறுத்தவரை அப்படித்தான். நாம் அமைதி, சமநிலை என்பதையெல்லாம் உயர்ந்த நிலையாகப் பேசிப் பழகிவிட்டோம். மனத்துக்கு அது நல்லதாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ சும்மா படுத்திருக்கும்போதே ஒரு நூறு வாட் குண்டு பல்பு எரியும் அளவுக்குக் கிட்டத்தட்ட ஆற்றல் உன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, உன் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளைக்கு. தியானத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஞானிக்கும் அதே செலவுதான். அவருடைய நரம்புச் செல்கள் ஒவ்வொன்றும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த உழைப்பு நின்றால் தியானமும் இல்லை.

சீடன்: விடுவதற்குச் செலவு என்றீர்களே.

குரு: உன் கையை மடக்கு. இப்போது உள்ளே என்ன நடக்கிறது? மயோசின் என்ற இழைக்கு நூற்றுக்கணக்கான சிறு தலைகள். அவை ஆக்டின் என்ற கயிற்றைப் பிடித்து இழுக்கின்றன. ஒருமுறை இழுத்த தலை, பிடியை விட்டு, முன்னால் நகர்ந்து, மறுபடி பிடித்து இழுக்க வேண்டும். தேர்வடம் பிடிப்பவர்கள் கை மாற்றுவதைப் போல. பிடியை விடுவது எப்போது தெரியுமா? புதிதாக ஒரு முப்பாஸ்பேட் வந்து அந்தத் தலையில் அமரும்போதுதான். வரவில்லை என்றால் தலை பிடித்தபடியே நிற்கும்.

சீடன்: எப்போது வராமல் போகும்?

குரு: நீ சாவு வீட்டில் பார்த்திருப்பாய். இறந்து சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போகும். மடங்கிய கையை நேராக்க முடியாது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும் தாடையைச் சுற்றித் துணி கட்டுவதும் விறைப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுவார்கள். பிணத்துக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம்? மூச்சு நின்றது, இறைப்பு நின்றது, முப்பாஸ்பேட் தீர்ந்தது. கோடானுகோடி மயோசின் தலைகள் பிடித்த பிடியை விட வழியில்லாமல் நிற்கின்றன. ஒன்றிரண்டு நாளில் புரதமே சிதையத் தொடங்கும்போதுதான் உடல் தளரும்.

சீடன்: நான் இத்தனை நாள் பிடிப்பதற்குத்தான் பலம் வேண்டும் என்று நினைத்தேன்.

குரு: பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசினார் என்று கேட்டிருப்பாய். ராமானுசரே அவரைக் குருவாகக் கொள்ள ஏங்கினார். அந்தக் கை ஒவ்வொரு வீச்சுக்கும் கோடிக்கணக்கான முறை பிடித்து, அதே அளவு முறை விட்டிருக்கிறது. விடாமல் பிடித்திருந்தால் விசிறி ஒருமுறைகூட அசைந்திருக்காது.

(சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. நான் ஆறிய டீயைக் குடித்தேன்.)

சீடன்: ஐயா, கடைசியாக ஒன்று. எனக்குச் சக்தி இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது பார்த்தால் அது என்னுடையதாகவே இல்லையே. காற்றிலிருந்தும் சோற்றிலிருந்தும் வந்து, என் வழியாகப் போய், சூடாக வெளியேறுகிறது. நான் யார் இதில்?

குரு: மின்சாரக் கம்பி தன்னை மின்சாரம் என்று நினைக்கக் கூடாது. அதற்காகக் கம்பி ஒன்றுமில்லை என்றும் சொல்லக் கூடாது. நீ அந்தத் தூரத்தை இருபத்தேழு வருடமாக ஒரு நொடி விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறாய். உன் அம்மாவின் கருமுட்டையில் இருந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிறந்தவைதான் உன்னிடம் இருப்பவை. அவளுக்கு அவள் அம்மா கொடுத்தது. அந்த அணை எந்தத் தலைமுறையிலும் ஒருமுறைகூட முழுசாக வற்றியதில்லை. வற்றியிருந்தால் நீ இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டாய். இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உனக்குப் போதவில்லை என்றால் இன்னும் தேடு.

சீடன்: சுப்பாராவ் பிறகு என்ன ஆனார்?

குரு: ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் நடந்த வேலை ஒவ்வொன்றும் ஓர் ஆயுளுக்குப் போதும். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினார்கள். அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்குப் பயன்பட்டது, அவர் உடன்பிறந்தவர்களைக் கொண்டுபோன அதே ஸ்ப்ரூவுக்கு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலில் கட்டுக்குள் கொண்டுவந்த அமினாப்டெரின், அதன் தொடர்ச்சியாக வந்த மீத்தோட்ரெக்சேட், ஆரியோமைசின் எல்லாம் அந்தக் கூடத்திலிருந்து வந்தவை. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அங்கேதான் பிறந்தது. 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. 1923இல் கப்பலேறியவர் ஊர் திரும்பவே இல்லை. இந்திய அரசு அவர் பிறந்த நூற்றாண்டில், 1995இல், ஒரு தபால்தலை வெளியிட்டது.

இவ்வளவும் கேட்டு எழுந்தபோது எனக்கு அலுப்புத் தெரியவில்லை. வாசல்வரை வந்து ஆசிரியர் ஒன்று சொன்னார். அதை வாசிப்பவர்களிடமும் வைக்கிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒரு முனை நம் பக்கம். மறுமுனையில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, சென்னை மருத்துவக் கல்லூரி நிற்கிறது. பிள்ளைகளோடு பாரிமுனைக்குப் பேருந்தில் போகும்போது அந்த வாசலைக் காட்டி, யெல்லாப்ரகட சுப்பாராவ் இங்கே படித்தார் என்று ஒருமுறை சொல்லுங்கள்.